வெளிநாட்டு நண்பரோடு பறவை பார்க்க: தேரூர் முதல் மணக்குடி வரை

கன்னியாகுமரி மாவட்டத்தின் இந்தப் பகுதிக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாருங்கள். நண்பர் உங்கள் வீட்டில் தங்கினாலும், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு (FRRO) நீங்கள் ஆன்லைனில் பதிய வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

சேட்டிலைட் போனை அவர் ஊரிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். மலையேறுவோர் வைத்திருக்கும், சேட்டிலைட் வழியே மெசேஜ் அனுப்பும் கருவியும் அதே கணக்குதான். அனுமதியில்லாமல் பையில் இருந்தால் விமான நிலையத்திலேயே வழக்காகும். ட்ரோனும் வேண்டாம், பறவைகளும் கலைந்துவிடும்.

2022இல் ராம்சர் தளமான (உலக அளவில் முக்கியமான ஈரநிலம்) சுசீந்திரம் தேரூர் குளங்களில் காலை 6 மணிக்கே கிழக்குக் கரையில் நில்லுங்கள், வெயில் முதுகில் விழும். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை தெளிவாகத் தெரியும். அடுத்து மணக்குடி உப்பளம்; வரப்பில் இறங்குமுன் உப்பளத்தாரிடம் கேளுங்கள். பெரிய லென்ஸை அணுசக்தித் துறையின் மணவாளக்குறிச்சி மணல் ஆலைப் பக்கமோ கூடங்குளம் அணுமின் நிலையப் பக்கமோ திருப்பவே கூடாது. போலீஸ் கேட்டால் பாஸ்போர்ட், விசா நகலோடு பறவைப் படங்களையும் காட்டுங்கள்.