ஃபைபர் வள்ளத்தின் உள்ளீரத்தை 3 மீட்டர் தள்ளி நின்று படமெடுக்க

குளச்சல், முட்டம் கரைகளில் ஏற்றி வைத்த ஃபைபர் வள்ளத்தின் அடுக்குகளுக்கு நடுவே நீர் புகுந்திருக்கிறதா என்று டெராஹெர்ட்ஸ் அலையால் பார்க்கலாம். அதன் கீழ்முனையை ஒட்டிய 75–110 ஜிகாஹெர்ட்ஸே போதும். மேலே போகப்போக கண்ணாடியிழை அலையைச் சிதறடிக்கும்; 557 ஜிகாஹெர்ட்ஸ் அருகே நம் கடற்காற்றின் ஈரமே அதைச் சில மீட்டரில் விழுங்கிவிடும்.

வேண்டியவை: இந்த அலைவரிசைக்கு ஏற்ற வெக்டர் நெட்வொர்க் அனலைசர் (அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும் கருவி), இரண்டு ஹார்ன் (கொம்பு வடிவ) ஆன்டெனா, 300 மி.மீ. விட்டமும் அதே குவியத்தூரமும் உள்ள ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் லென்ஸ், ஒரு சிறு லென்ஸ், இரு அச்சு நகர்த்தி, சில கட்டங்களில் மட்டும் அலையை விட்டு மற்றவற்றில் மறைக்கும் செம்புப் பலகை. ஒரு ஹார்ன் வள்ளத்தின் மீது அலையைப் பாய்ச்சும். 3 மீட்டரில் பெரிய லென்ஸ் பிரித்துக்காட்டுவது சுமார் 37 மி.மீ. உருவம் லென்ஸுக்குப் பின்னால் 333 மி.மீ. தொலைவில் விழும், பலகை அங்கேதான் நிற்கவேண்டும். அதன் ஒரு கட்டம் 4 மி.மீ.

பலகையைச் செய்வது இப்படி: 255 நீளமுள்ள எம்-வரிசையில் (0, 1 மட்டுமே கொண்ட, தற்செயல் போலத் தோன்றும் எண்வரிசை) ஒவ்வொரு இட எண்ணையும் 15, 17 ஆகியவற்றால் வகுத்த மீதிகளை வரிசை, நிரல் எண்களாகக் கொள்ளுங்கள். அந்த 15×17 அமைப்பையே தொடர்ந்து நிரப்பி 29×33 கட்டமாக்கி, 1 வரும் கட்டங்களில் மட்டும் செம்பை அரித்தெடுங்கள். தகட்டில் வெட்டினால் தனிக்கட்டங்கள் உதிர்ந்துவிடும். மெல்லிய பிசிபி (செம்பு பூசிய மின்சுற்றுப் பலகை) நல்லது. முன்னால் 60×68 மி.மீ. உலோகச் சாளரத்தை அசையாமல் வைத்து, பலகையை 4 மி.மீ. வீதம் நகர்த்தினால் 255 வடிவங்களும் கிடைக்கும். சாளரம் வழியே வருவதைச் சிறு லென்ஸ் இரண்டாவது ஹார்னில் குவிக்கும்.

பலர் வழுக்கி விழுவது இங்கே: வெறும் திறனை அளக்காதீர்கள். ஹார்ன் எல்லாக் கட்டங்களின் அலைகளையும் அலைக்கட்டத்தோடு (phase) சேர்த்தே கூட்டுகிறது. திறன் அந்தக் கூட்டலின் வர்க்கம், ஆகவே நேரியல் கணக்கு பொய்த்துப் படம் புள்ளிக்கூட்டமாகும். வீச்சையும் அலைக்கட்டத்தையும் பதியுங்கள். நகர வேண்டியது பலகை மட்டுமே. கேபிள் வளைந்தால் அலைக்கட்டம் மாறும். வெப்பத்தால் வரும் நழுவலைத் திருத்த, 15 அளவுக்கு ஒருமுறை தொடக்க நிலைக்குத் திரும்பி அளந்துகொள்ளுங்கள்.

ஒரு கட்டத்தின் மதிப்பு: அது திறந்திருந்த அளவுகளின் கூட்டுத்தொகையை இரட்டித்து, மொத்தக் கூட்டுத்தொகையைக் கழித்து, 128-ஆல் வகுங்கள். கருவி இரைச்சலே பெரிதாக இருக்கும்போது, கட்டம் கட்டமாக அளப்பதைவிட இது 8 மடங்கு தெளிவு. எல்லா அலைவெண்ணுக்கும் செய்து தலைகீழ் ஃபூரியர் (அலைவெண் பதிவை ஆழப் பதிவாக மாற்றும் கணக்கு) எடுத்தால், காற்றில் 4.3 மி.மீ. ஆழப் பிரிப்பு கிடைத்து, மேற்பரப்பின் பளபளப்பைத் தனியே வெட்டிவிடலாம். 100 அளவை வைத்து அமுக்க உணர்தலாலும் (compressed sensing, குறைந்த அளவுகளிலிருந்து முழுப்படத்தைக் கணிக்கும் முறை) படம் மீட்கலாம். ஆனால் சிறு ஈரத்திட்டைத் தேடும்போது முழு 255-ஐயும் எடுப்பதே நேர்மை.

முதலில் மூலைப் பிரதிபலிப்பான் (அலையை வந்த வழியே திருப்பும் முக்கோண மூலை உலோகம்) ஒன்றை வைத்துச் சோதியுங்கள். இரண்டாவது இடத்திலும் அது தெரிந்தால், பலகை ஒரு கட்டம் தவறியிருக்கிறது அல்லது பதிவுகளின் வரிசை குழம்பியிருக்கிறது. வள்ளத்தை நல்ல தண்ணீரால் கழுவி, உச்சி வெயிலில் காயவிட்டே எடுங்கள். கால் மில்லிமீட்டர் பனிப்படலமும் அலையின் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.