உடலைப் பொறுப்பேற்ற முதல் சில மணி நேரம்

வீட்டார் கடைசியாகப் பார்க்கப்போகும் முகம் எப்படி இருக்கும் என்பது, இறந்தவரின் உடல் நம் கைக்கு வந்த முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

தொடுவதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். மருத்துவர் இறப்பை உறுதிசெய்திருக்க வேண்டும். விபத்து, சந்தேக மரணம் என்றால் விசாரணை அதிகாரி அனுமதிக்கும்வரை குளிப்பாட்டாதீர்கள், உடலில் செருகிய குழாய்களையும் எடுக்காதீர்கள். பெயர்ச் சீட்டைக் கணுக்காலிலேயே கட்டுங்கள். துணியும் பெட்டியும் மாறிப்போகும். நகைகளை வீட்டார் முன்னிலையில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 'தங்கம்' என்று எழுத வேண்டாம், 'மஞ்சள் நிற உலோகம்' என்றே எழுதுங்கள். பின்னால் வரும் சண்டை மிச்சம்.

அடுத்தது தலை. மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சைவிடத் தலை உயர்ந்திருக்கும்படி கட்டை வையுங்கள். ஓட்டம் நின்ற ரத்தம் பள்ளத்துக்குத்தான் போகும். தலை தாழ்ந்திருந்தால் காதும் கன்னமும் ஊதா நிறமாகும். 8 முதல் 12 மணி நேரத்தில் அந்த நிறம் படிந்துவிட்டால் அழுத்தினாலும் போகாது.

இமையும் தாடையும்தான் முதலில் விறைக்கும், பொதுவாக 2 முதல் 4 மணி நேரத்துக்குள். அதற்குள் இமையை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள். வாயை மூட, சுருட்டிய துண்டை முகவாய்க்கு அடியில் அணை கொடுத்தாலே போதும். துணியால் இறுக்கிக் கட்டினால் கன்னத்தில் பள்ளம் விழும், அது மறையாது. ஏற்கெனவே விறைத்திருந்தால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டைத் தேய்த்து மெல்ல அசையுங்கள். உதட்டிலும் இமையிலும் பெட்ரோலியம் ஜெல்லி தடவ மறக்காதீர்கள். காய்ந்து பழுப்பேறிய உதட்டை மேக்கப்பால் மறைக்கலாமே தவிர மீட்க முடியாது.

உடலை வைக்கும் பெட்டியின் குளிர் 2 முதல் 4 டிகிரி செல்சியஸ். உறையவிடாதீர்கள்.

தகனம் என்றால் உடலில் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) உண்டா என்று கேட்டே ஆக வேண்டும், இருந்தால் முன்பே எடுத்துவிட வேண்டும். சூட்டில் அதன் பேட்டரி வெடித்து உலையையும் ஆளையும் பதம் பார்க்கும். பொதுவாகக் காறை எலும்புக்குக் கீழே தோலடியில் தட்டுப்படும். மின்னதிர்ச்சி தரும் வகைக் கருவியானால், தொழில்நுட்பர் அதை அணைக்கும்வரை ஒயரை வெட்டக் கூடாது, வெட்டுபவருக்கே அடிக்கும்.

வீட்டாரை அழைக்குமுன், அவர்கள் நிற்கப்போகும் இடத்தில் நின்று நீங்களே பாருங்கள். காதோரம் ஈரம் இருக்கிறதா, நகத்தடி சுத்தமா. தலைமுடியின் வகிடு எந்தப் பக்கம் என்று புகைப்படம் வாங்கிச் சரிபாருங்கள். மற்றதெல்லாம் சரியாக இருந்து வகிடு மட்டும் மாறினாலும், "இது எங்க அப்பா மாதிரியே இல்லையே" என்பார்கள்.