நீலப் புள்ளி இருக்கும், வரைபடம் இருக்காது: மெல்பனுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மெல்பனுக்கு வந்து இறங்கிய வாரத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் வாங்குவீர்கள். வங்கிக் கணக்கும் வரி எண்ணும் பெறுவீர்கள். இவற்றைச் சொல்லித்தர உறவினரோ அலுவலக நண்பரோ நிச்சயம் இருப்பார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். கைப்பேசியில் ஜிபிஎஸ் இருக்கிறது என்ற ஒரே தைரியத்தில் நகரத்தைத் தாண்டிக் காரை ஓட்டிச் செல்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஜிபிஎஸ் வேறு, வரைபடம் வேறு. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞையைக் கைப்பேசி வாங்கிக்கொள்கிறதே தவிர, திருப்பி எதையும் அனுப்புவதில்லை. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால், அவை வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். இதற்கு சிம்கூடத் தேவையில்லை. ஆனால் அந்த இடத்தைச் சுற்றியுள்ள சாலைகளின் படம் நெட் வழியாகத்தான் வருகிறது. நம் ஊரில் வயல் நடுவில் நின்றாலும் பெரும்பாலும் டவர் கிடைத்துவிடுவதால், இந்த வேறுபாட்டை நாம் உணர நேர்வதேயில்லை. இங்கே மக்கள்தொகையில் 99 சதவீதத்துக்கும் மேல் சேவை உண்டு என்று விளம்பரம் செய்யும் பெரிய நிறுவனத்தின் சிக்னல்கூட நாட்டின் நிலப்பரப்பில் பாதியை எட்டுவதில்லை. விலை குறைவு என்று நாம் தேடி வாங்கும் சிம்கள் சிலவற்றுக்கு அதிலும் சிறிய பரப்புதான் கிடைக்கும்.

சென்ற ஜூலையில், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் மனைவியையும் வாடகைக் காரில் கிராம்பியன்ஸ் மலைக்கு அழைத்துச் சென்றேன். ஹால்ஸ் கேப்பிலிருந்து டன்கெல்டு செல்லும் தார்ச்சாலையில் ஒரு திருப்பத்தைத் தவறாக எடுத்து, மேற்கே பிரிந்த, தார் போடாத கிராவல் (சரளைக்கல்) சாலையில் நுழைந்துவிட்டேன். சிக்னல் அதற்கு முன்பே போயிருந்தது. வழி மாறிவிட்டது என்று கைப்பேசிக்குத் தெரிந்தது, புது வழி சொல்லத்தான் தெரியவில்லை. வெறும் சாம்பல் நிறத் திரையில் நீலப் புள்ளி மட்டும் எங்களோடு ஒழுங்காக நகர்ந்து வந்தது. ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கியது. "யாரையாவது கேளேன்டா" என்று அம்மா பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரத்தநாட்டுப் பக்கம் என்றால் டீக்கடையில் நான்கு பேர் ஐந்து வழி சொல்லியிருப்பார்கள். அங்கே சாலையோரம் கங்காருக்கள்தாம் நின்றிருந்தன. முக்கால் மணி நேரம் கழித்து எதிரே வந்த ஒரு விவசாயி, தன் வண்டியைத் திருப்பித் தார்ச்சாலை வரை எங்களுக்கு முன்னால் ஓட்டிச் சென்றார். அதற்குள் கல் தெறித்து முன்கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. தார் போடாத சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று வாடகை ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்ததை, பணம் கட்டும்போதுதான் எனக்குக் காட்டினார்கள்.

இத்தனைக்கும் நான் செய்யத் தவறியது ஐந்து நிமிட வேலை. புறப்படும் முன் வீட்டு வைஃபையில், போகும் இடம் மட்டுமல்லாமல் அதைச் சுற்றிய பகுதி முழுவதற்குமான ஆஃப்லைன் மேப்பை இறக்கிக்கொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் கைப்பேசி புது வழியைக் கணக்கிட்டுச் சொல்லும். இறக்கிய மேப் சில காலத்தில் காலாவதியாகிவிடும் என்பதால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் புதுப்பியுங்கள். போகும் வழியில் கிராவல் சாலை வருகிறதா என்பதைச் செயற்கைக்கோள் படத்தில் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். ஓட்டும்போது கைப்பேசி கையில் இருந்தால் கடுமையான அபராதம் உண்டு. கடையில் விற்கும் தாங்கியில் பொருத்திவிட்டுத்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும்.

மேப் இருந்தாலும் சாலைப் பலகையைப் பார்க்காமல் ஓட்டாதீர்கள். 2012 டிசம்பரில் ஆப்பிள் மேப்ஸ் மில்டுரா நகரத்தை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளி ஒரு தேசியப் பூங்காவுக்குள் காட்டியது. அதை நம்பிச் சென்ற சிலர் உணவும் நீரும் இல்லாமல் 24 மணி நேரம் வரை சிக்கிக்கொண்டதாக விக்டோரியா மாநிலக் காவல்துறையே எச்சரிக்கை விட்டது. ஆகவே காரில் தண்ணீர் இருக்கட்டும்.

எமர்ஜென்சி பிளஸ் என்ற இலவசச் செயலியையும் நிறுவிக்கொள்ளுங்கள். அது நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் திரையில் காட்டும். உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் டவர் அருகில் இருந்தால் அவசர உதவி எண்ணான 000-க்கு அழைப்பு போகும், அப்போது அந்த எண்களை அப்படியே படித்துச் சொல்லலாம். எந்த டவரும் எட்டாத இடமானால் காரை விட்டு இறங்கி நடக்காமல் அதனருகிலேயே இருங்கள். தேடி வருபவர்களுக்கு மனிதரைவிடக் கார் எளிதில் கண்ணில் படும்.