லத்தீன் குட்டிப் பெயரடைகளுக்கு வேற்றுமை போடுவது எப்படி

மிசெல்லுஸ், அவ்ரெயொலுஸ் மாதிரி, சிறுமையோ செல்லமோ காட்டும் 'குட்டி'ப் பெயரடைகளைப் பார்த்ததும், இதற்கும் ஒரு தனி அட்டவணையை உருப்போட வேண்டுமா என்று பலர் மிரளுவார்கள். வேண்டவே வேண்டாம். 'பொனுஸ், பொனா, பொனும்' ('நல்ல' என்பதன் ஆண்பால், பெண்பால், இரண்டுமில்லாத பால் வடிவங்கள்) தெரிந்தால் போதும், எல்லாம் அதே தடம்தான்.

முதலில் சொல்லைக் குட்டியாக்குவோம். பர்வுஸ் (சிறிய) பர்வுலுஸ் ஆகும். முன்னால் எ அல்லது இ வந்தால் -ஒலுஸ்: அவ்ரெயுஸ் (பொன்னான) அவ்ரெயொலுஸ். மிசெர் (பாவப்பட்ட) மாதிரி 'ர்' இருந்தால் மிசெல்லுஸ், அதாவது 'ஐயோ பாவம்' என்கிற தொனி.

அப்புறம் வேற்றுமை. தமிழில் நல்ல பையன், நல்ல பையனுக்கு, நல்ல பெண்ணை என்று பெயரடை அசையாமல் உட்கார்ந்திருக்கும். லத்தீனில் அதுவும் பெயர்ச்சொல்லோடு எழுந்து நடக்கும். ஆண்பாலுக்கு மிசெல்லுஸ், மிசெல்லும் (ஐ), மிசெல்லோ (கு), மிசெல்லீ (உடைய), கூப்பிட்டால் மிசெல்லெ. பெண்பாலுக்கு மிசெல்லா, இரண்டாம் வேற்றுமையில் மிசெல்லம், நான்காவதும் ஆறாவதும் மிசெல்லை. இந்த 'மிசெல்லை' நம் கண்ணுக்கு இரண்டாம் வேற்றுமையாகவே தெரியும், ஏமாறாதீர்கள்.

சிக்கல் மூன்றாம் வகைப் பெயரடையில்தான், அதாவது பொனுஸ் தடத்தில் போகாமல் வேறு ஈறுகள் எடுப்பவற்றில். துல்கிஸ் (இனிய) மூன்றாம் வகை, ஆனால் அதன் குட்டியான துல்கிகுலுஸ் அப்படி இல்லை, அதுவும் பொனுஸ் பக்கம் தாவிவிடும். போத்தியோ (பானம்) பெண்பால், அதுவே மூன்றாம் வகைப் பெயர்ச்சொல். எனவே 'இனிய பானத்தை' என்பதற்கு துல்கெம் போத்தியோனெம். குட்டியாக்கினால் துல்கிகுலம் போத்தியோனெம். ஈறு பொருந்தவில்லையே என்று 'துல்கிகுலெம்' போட்டு நான் சிவப்பு மை வாங்கியிருக்கிறேன். பொருந்த வேண்டியது பாலும் எண்ணும் வேற்றுமையும்தான், ஓசை இல்லை.

கொஞ்சலுக்கு மட்டும்தான் இது என்றும் நினைக்காதீர்கள். ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் எதிரி க்ளோதியுஸின் குடும்பப் பெயர் புல்கெர், 'அழகன்' என்று அர்த்தம். கிமு 61-இல் நண்பர் அட்டிகுஸுக்கு எழுதிய கடிதத்தில் சிசரோ அவனைப் 'புல்கெல்லுஸ்' பையன் என்கிறார். சரியான குத்தல்! அந்த அழகுக்குட்டிக்கு எதையாவது கொடுக்க வேண்டுமானால், புல்கெல்லோ.

கடைசியாக ஒன்று, -உலுஸ் என்று முடிவதெல்லாம் குட்டி இல்லை. கர்ருலுஸ் (வாயாடியான), க்ரேதுலுஸ் (எதையும் நம்பிவிடுகிற) இரண்டும் வினையிலிருந்து பிறந்தவை. ஆனாலும் வேற்றுமை போடும்போது அவையும் இதே வரிசையில்தான் நிற்கும்.