‘ஜம்ப்’ பாட்டின் கீபோர்டு ஒலியை லேப்டாப்பில் கொண்டுவருவது எப்படி?

வான் ஹேலன் குழுவின் ‘ஜம்ப்’ பாட்டைக் கேட்காதவர் குறைவு. 1984-இல் உலகத்தையே ஒரு கலக்கு கலக்கிய அந்தத் தொடக்க இசை கிட்டாரில் வாசித்ததல்ல; கிட்டாருக்குப் பேர்போன எடி வான் ஹேலன் ஓபர்ஹைம் ஓபி-எக்ஸ்ஏ என்ற சிந்தசைசரில் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கீபோர்டு) வாசித்தது. அந்த ஒலியை வரவழைக்க எனக்கு மூன்று சாயங்காலம் ஆனது. அதில் இரண்டரை, ஒரே ஓர் எண்ணைத் தப்பான கட்டத்தில் போட்டதால் போனது.

மிடி கீபோர்டை (லேப்டாப்பில் உள்ள இசை மென்பொருளை வாசிக்க உதவும் கீபோர்டு) யூஎஸ்பியில் செருகிச் சத்தம் வரவைத்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கருவி: வைட்டல், லேப்டாப்பில் ஓடும் சிந்தசைசர் மென்பொருள். இலவசப் பதிப்பே போதும். ஓபர்ஹைமையே பார்த்துச் செய்த ஓபி-எக்ஸ்டி என்ற ப்ளக்-இன் இருக்கிறது, ஒலியும் இன்னும் நெருக்கமாக வரும். ஆனாலும் கற்றுக்கொள்ள வைட்டல்தான் என் கட்சி. நீங்கள் திருகும் ஒவ்வொன்றும் திரையில் அசைவது தெரியும். யாரோ செய்துவைத்த பிரீசெட்டை (சேமித்துவைத்த ஒலி அமைப்பு) மட்டும் இறக்காதீர்கள். ஒலி வந்துவிடும், உங்களுக்கு ஒன்றும் வராது.

1. புதிய வெற்று பிரீசெட் திறங்கள். முதல் இரண்டு ஆஸிலேட்டர்களையும் (அடிப்படை ஒலியைத் தருபவை) ஆன் செய்து, இரண்டிலும் சா அலையை வையுங்கள். ரம்பத்தின் பல் போலக் கூராக இருக்கும். பித்தளைக் கருவிகளின் கரகரப்பு இதிலிருந்துதான் வருகிறது.

2. டீட்யூன். இங்கேதான் நான் விழுந்தேன்.

இரண்டு ஆஸிலேட்டரும் ஒரே சுருதியில் இருந்தால் ஒலி தட்டையாக இருக்கும். ஒன்றை இம்மியளவு ஏற்ற வேண்டும். ‘7 ஏற்று’ என்று எங்கோ படித்திருந்தேன், ஏற்றினேன். சி கட்டையை மட்டும் தட்டிப் பார்த்தேன், கம்பீரமாக இருந்தது. பல கட்டைகளைச் சேர்த்து கார்ட் பிடித்ததும் சந்தைக்கடை!

காரணம் இதுதான். ஆஸிலேட்டரில் பிட்ச் என்ற இடத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று செமிடோன், மற்றது சென்ட். 100 சென்ட் சேர்ந்தது ஒரு செமிடோன். நான் 7-ஐப் போட்டது செமிடோன் கட்டத்தில். 7 செமிடோன் என்றால் ச-வுக்குப் ப. ஒற்றைக் கட்டையை அழுத்தும்போது ச-ப சேர்ந்து ஒலித்ததால்தான் நன்றாக இருந்திருக்கிறது. ஜி கார்டைப் பிடித்தால் ஜி, பி, டி-யோடு டி, எஃப் ஷார்ப், ஏ என்று இன்னொரு கார்டும் கூடவே வந்துவிடும். அடியில் இடது கையில் சி ஒலிக்க, மேலே எஃப் ஷார்ப் நின்றால் காது கூசாதா?

ஆகவே முதல் ஆஸிலேட்டரைத் தொட வேண்டாம். இரண்டாவதின் சென்ட் கட்டத்தில் மட்டும் 7. 440 ஹெர்ட்ஸில் இருக்கும் ஏ சுரம் இன்னொன்றில் 441.8 ஆகும், அந்த வித்தியாசத்தால் ஒலி வினாடிக்கு இரண்டு தடவை போல மெல்ல அலைந்து தடிக்கும். 10 வரை போகலாம். அதைத் தாண்டினால் திருவிழா ராட்டினம்.

3. ஃபில்டர். மேல் ஒலிகளை வெட்டும் லோ-பாஸ் போதும். இரண்டு ஆஸிலேட்டரும் ஃபில்டர் 1 வழியாகப் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கட்ஆஃபை (வெட்டு தொடங்கும் இடம்) முழுக்கத் திறந்துவிட்டு, காதைக் குத்தும் கூர் மட்டும் மழுங்கும்வரை இறக்குங்கள். ரெசொனன்ஸ் (அந்த இடத்து ஒலியைத் தூக்கிக்காட்டுவது) பூஜ்யம்.

4. என்வலப் 1. ஒலி எப்படி எழுந்து அடங்குகிறது என்பது இதில். அட்டாக் (எழும் நேரம்) பூஜ்யம், சஸ்டெயின் (அழுத்தியிருக்கும்போது நிற்கும் அளவு) முழுசு, ரிலீஸ் (விட்டபின் அடங்கும் நேரம்) கால் வினாடிக்குள். ரிலீஸ் நீண்டால் ஒரு கார்ட் அடுத்ததன் மேல் வழியும்.

5. விரல். ஒலி சரியாக இருந்தும் பாட்டு மாதிரி இல்லையென்றால் பெரும்பாலும் தப்பு இங்கேதான். இடது கை சி-யை விட்டு நகரக் கூடாது. வலது கையில் ஜி-பி-டி, அப்புறம் ஜி-சி-இ, அப்புறம் எஃப்-ஏ-சி. சி கார்டை சி-இ-ஜி என்று பள்ளிக்கூட முறையில் பிடித்தால் கை தாவும், ஒலியும் தாவும். ஜி-சி-இ என்று பிடித்தால் கட்டைவிரல் இருந்த இடத்திலேயே இருக்கும். தாளத்தைப் பாட்டோடு சேர்ந்து வாசித்தே பழகுங்கள்.

ரிவெர்பை (அறையின் எதிரொலி) கடைசியில், கொஞ்சமாக. முதலிலேயே போட்டால் எல்லாத் தப்பும் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

பின்சேர்க்கை: கட்டையை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வருகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஒருவர் ப்ளூடூத் ஹெட்போன் மாட்டியிருக்கிறார். ஒயர் வைத்ததற்கு மாறியதும் சரியாகிவிட்டது. இன்னொருவருக்கு ஆடியோ செட்டிங்கில் பஃபர் (ஒலியை எவ்வளவு சேர்த்துவைத்து அனுப்புவது என்ற அளவு) 2048-இல் இருந்தது. 256 ஆக்கச் சொன்னேன். வினாடிக்கு 44,100 சாம்பிள் (ஒலித் துணுக்கு) என்ற ரேட்டில் அது சுமார் 6 மில்லிசெகண்ட், காதுக்குத் தெரியாது. பட்பட் என்று வெடித்தால் 512.

இன்னொரு பின்சேர்க்கை: லேப்டாப் இல்லை, வீட்டில் யமஹாவோ கேசியோவோதான் இருக்கிறது என்றால், டோன் பட்டியலில் ‘சிந்த் பிராஸ்’ என்று தேடுங்கள். வெறும் ‘பிராஸ்’ வேண்டாம், அது கல்யாண பேண்டு. ஆட்டோ அக்கம்பனிமெண்டையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் இடது கையில் சி-யை வைத்த நொடியில் டிரம்ஸும் பேஸும் கூட வந்து சேரும். எங்கள் வீட்டில் அப்படி நடந்தபோது மணி இரவு 11.