மேட்டூர் அணையின் நீர்க்கணக்கைப் படிக்கும் முறை

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் மேட்டூர் அணையின் நிலவரம் நாள்தோறும் வெளியாகிறது. அதில் நீர்மட்டம், நீர் இருப்பு, நீர்வரத்து, நீர் திறப்பு என நான்கு எண்கள் இருக்கும். பெரும்பாலோர் நீர்மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பாசனத்துக்கும் பாதுகாப்புக்கும் அது போதாது.

அணையின் முழுக் கொள்ளளவு 120 அடியில் 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி). நீர்மட்டம் 100 அடியாக இருக்கும்போது இருப்பு ஏறத்தாழ 65 டி.எம்.சி.தான். நீர்த்தேக்கம் மேலே செல்லச் செல்ல விரிவதால், கடைசி 20 அடியில் மட்டும் மொத்த நீரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அடங்கியிருக்கிறது. ஆகவே உச்சத்தில் ஓர் அடி குறைவதும் கீழ்மட்டத்தில் ஓர் அடி குறைவதும் சமமல்ல. பயிரை நம்பியிருப்பவர் நீர் இருப்பையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது வரவு செலவுக் கணக்கு. நீர்வரத்து, திறப்பு பற்றிய செய்திகளில் வரும் கனஅடி என்பது ஒரு வினாடிக்கு ஓடும் நீரின் அளவு. வினாடிக்கு ஏறத்தாழ 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் அது ஒரு டி.எம்.சி. ஆகும். நீர்வரத்து 30,000 கனஅடி, திறப்பு 12,000 கனஅடி என்று வைத்துக்கொண்டால், எஞ்சும் 18,000 கனஅடி ஒரு நாளில் சுமார் ஒன்றரை டி.எம்.சி. சேர்க்கும், அணை 110 அடியைத் தாண்டியிருந்தால் அது ஏறக்குறைய ஓர் அடி உயர்வு.

வரத்தை முன்கூட்டியே அறிய, காவிரியின் மேல்பகுதியிலுள்ள கர்நாடக அணைகளைப் பார்க்க வேண்டும். வயநாட்டு மழையால் நிரம்பும் கபினி அணை சிறியது என்பதால், அது விரைவில் நிறைந்து உபரிநீரை வெளியேற்றத் தொடங்கிவிடும். குடகு மழையை ஏற்கும் கிருஷ்ணராஜசாகர் பெரியது. இவ்விரு அணைகளின் திறப்பையும் கூட்டிக்கொண்டு, மாநில எல்லையில் மத்திய நீர் ஆணையம் அளவிடும் பிலிகுண்டுலு எண்ணோடு அடுத்தடுத்த நாட்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். அணைகளில் திறப்பு கூடாமலேயே பிலிகுண்டுலுவில் வரத்து எகிறினால், இடையில் கலக்கும் சிம்ஷா, அர்க்காவதி ஆறுகளின் பகுதியில் மழை பெய்திருக்கக்கூடும்.

டெல்டா விவசாயிகள் திறப்புத் தேதியை அப்படியே நாற்றங்காலுக்கான தேதியாகக் கொள்ளக் கூடாது. 2023 ஜூன் 12 அன்று மேட்டூரில் திறந்த தண்ணீருக்காகக் கல்லணை ஜூன் 16 அன்றுதான் திறக்கப்பட்டது. அங்கிருந்து கடைமடைக்குச் செல்ல மேலும் நாட்கள் ஆகும். வாய்க்கால்களுக்கு மாற்றி மாற்றி முறை வைத்துத் தண்ணீர் விட்டால் இன்னும் தாமதமாகும்.

அணை 120 அடியை நெருங்கும்போது கரையோரத்தில் வசிப்பவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். நீர்மின் நிலையங்கள் வழியாக இருபதாயிரத்தைச் சற்றுத் தாண்டிய கனஅடி வரையே வெளியேற்ற முடியும். அதற்கு மேற்பட்டது உபரிநீருக்கான 16 கண் மதகு வழியாகச் செல்லும். அதன்பின் ஆற்றின் போக்கு மணிக்கணக்கில் மாறும். பவானியில் பவானி ஆறும், கரூருக்கு அப்பால் அமராவதியும் சேர்வதால், திருச்சி அருகேயுள்ள முக்கொம்பில் வரும் வெள்ளத்தை மேட்டூர் திறப்பை மட்டும் வைத்து மதிப்பிட முடியாது.

ஆற்றில் இறங்குமுன் படித்துறையில் எத்தனை படிகள் நீருக்கு மேலே இருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். சிறிது நேரத்தில் ஒரு படி மறைந்தாலோ, தெளிந்த நீர் கலங்கிச் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலே தண்ணீர் கூடிவிட்டது என்று கொண்டு உடனே குழந்தைகளோடு கரையேறிவிடுங்கள். நடு ஆற்று மணல்திட்டில் நிற்பவர்களுக்கு இது இன்னும் அவசரம். திட்டு மூழ்குவதற்கு முன்பே, அதற்கும் கரைக்கும் இடையிலுள்ள பள்ளமான பகுதியில் நீர் ஏறிவிடும். யாரேனும் சிக்கிக்கொண்டால் நீங்கள் இறங்காமல், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணில் அழையுங்கள்.