பழைய மாருதி 800: வீட்டிலேயே கைவைப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் பல வீட்டு வாசல்களில் அது நிற்கிறது. பானெட்டைத் திறந்தால் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின், சுற்றிலும் கை நுழைய இடம். ஒரு ஸ்பேனர் செட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கிடைத்தால் பாதி வேலையை நாமே பார்த்துவிடலாம். பராமரிப்பில் கொஞ்சம் கவனமாக இருந்தால் பெரிதாக எதையும் கெடுத்துவிட மாட்டோம். குறுக்குவழியில் போகும்போதும் புதிதாக எதையாவது மாட்டும்போதும்தான் வம்பு.

ஹெட்லைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி வெளிச்சம் போதவில்லை என்று 60/55 வாட் (ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55) பல்பைக் கழற்றிவிட்டு 100/90 வாட் பல்பைப் போடுவார்கள். அதே இடத்தில் கச்சிதமாக உட்காரும், அதனால் சரியென்று தோன்றும். 12 வோல்ட்டில் 60 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் என்றால் 17 ஆம்பியருக்குப் பக்கத்தில் போகும். இருபது வருஷத்து வயரும் ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்சும் அதைத் தாங்காது. முதலில் பல்புக்குப் பின்னால் செருகும் ஹோல்டர் பழுப்பாகும், அப்புறம் இளகி பல்போடு ஒட்டிக்கொள்ளும். ஃபியூஸ் போனால் அதைவிடப் பெரிய ஃபியூஸ், அதுவும் போனால் செம்புக் கம்பி என்று சிலர் போவதுண்டு. வயர் எரியாமல் இருக்கத்தான் ஃபியூஸ் எரிகிறது. அதைத் தடுத்தால் எரிவது டேஷ்போர்டுக்குள்ளே.

உண்மையில் பழைய வண்டியில் வெளிச்சம் குறைவதற்குப் பல்பு காரணமாக இருப்பது அபூர்வம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட், ஹோல்டரில் எத்தனை வோல்ட் என்று மல்டிமீட்டரில் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எர்த் வயர் பாடியில் சேருமிடத்தைத் துருப்போகச் சுரண்டுங்கள். பிறகும் போதாவிட்டால், பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸுடன் ரிலே (பழைய சுவிட்ச் வழியாகப் பெரிய கரன்ட் போகாமல் பல்புக்கு நேராகக் கொடுக்கும் சின்னச் சுவிட்ச்) வைத்து, பழைய வாட் பல்பையே போடுங்கள். வித்தியாசம் தெரியும்.

அடுத்தது சூடு. வண்டி சூடாகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு) பிடுங்கிப் போடுவது நம் ஊர் வைத்தியம். அதன்பின் சூடு காட்டும் மீட்டரில் முள் ஏறாது, உண்மைதான். ஆனால் இன்ஜின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியாக (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் பெட்ரோல் தெளிக்கும் வகை) இருந்தால், அந்தக் கம்ப்யூட்டர் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும், மைலேஜ் விழும். அடைத்த ரேடியேட்டரோ ஓடாத ஃபேனோ அப்படியேதான் இருக்கும். போர் தண்ணீரை ஊற்றுவது இன்னும் மோசம். உப்பு உள்ளே படியும், இன்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட்டை அரிக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட்டைக் கலந்து ஊற்றுவதற்கு ஆகும் செலவு, ஹெட் வேலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

ஆயில் மாற்றுவது சுலபம்தான், ஒன்றை மட்டும் கவனியுங்கள். பழைய ஃபில்டரைச் சுழற்றி எடுக்கும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பார்க்காமல் புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாகிவிடும். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் தரையில். விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி மட்டும் அடியில் படுக்காதீர்கள், ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுத்தும் படுக்காதீர்கள். அது முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். முன்சக்கரம் ஒன்றைத் தூக்கியிருக்கும்போது வண்டி கியரில் இருப்பதை நம்ப முடியாது, தூக்கிய சக்கரம் சுழல வண்டி நகர்ந்துவிடும். பின்சக்கரம் இரண்டையும் தூக்கினால் ஹேண்ட் பிரேக்கால் பயனில்லை. தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்பதுதான் வழி.

பம்புகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ்களுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. இன்ஜின் பக்கம் பெட்ரோல் வாசம் வந்தால் கிளிப்பை மட்டும் இறுக்கிவிட்டு விடாமல் ஹோஸையே மாற்றுங்கள்.

கடைசியாக, அகல டயர். 145/70 ஆர்12 (145 மி.மீ. அகலம், 12 அங்குல வீல்) இருந்த இடத்தில் 165/65 ஆர்13 போட்டால் சக்கரம் 7 சதவீதம் பெரிதாகும். மீட்டர் 80 காட்டும்போது வண்டி 86-ஐ நெருங்கியிருக்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியைப் பார்க்கிங்கில் திருப்பத் தோள் வலிக்கும். பிக்கப்பும் சோம்பும். போதாக்குறைக்கு, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 15 வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி.யை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு ஆய்வாளர் முன்னால் வண்டியை நிறுத்தியாக வேண்டும். ஆசைக்கு மாட்டிப் பார்ப்பவர்கள் கழற்றிய பழைய வீலையும் டயரையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், எஃப்.சி.க்கு, அதாவது அந்த ஆய்வுக்கு, முந்தின நாள் இரவல் தேடி அலைய நேரிடும்.